மூடப்பட்ட பாடசாலையும் ஊர்க்கலையும்



ஓர் ஊரிலே கோயில் பழுதுற்றால் ஊரார் கூடிப் புதுப்பிக்கின்றனர். குளக்கட்டு உடைந்தால் கூடி அடைக்கின்றனர். பாடசாலை மூடப்பட்டால் மட்டும் பூட்டைப் பூட்டிவிட்டு அவரவர் வழியே சென்றுவிடுகின்றனர். ஆண்டுகள் சில கழியுமுன் சன்னற் கதவுகள் மறைகின்றன. பின்னர் கூரைத் தகடுகள் மறைகின்றன. ஈற்றில் நாற்புறச் சுவரும் புல் முளைத்த முற்றமுமே எஞ்சுகின்றன. அத்தகைய கட்டடத்தை ஊர்க்கலை வளரும் பொதுமனையாக ஆக்குதல் கூடுமா, கூடுமெனின் எவ்வாறு என்பதனை மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து இன்று ஆராய்வோம்.

பாடசாலைகள் ஏன் மூடப்படுகின்றன என்பது முதற் கேள்வி. பிறப்பு வீதம் குறைந்து வருகின்றது. வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். இலங்கையில் ஐம்பதுக்கும் குறைந்த மாணவரைக் கொண்ட அரசாங்கப் பாடசாலைகள் ஆயிரத்துக்கும் அதிகமாக உள்ளன. மலையகத் தோட்டங்களிலோ இவற்றோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்குச் சென்றன. 1983ஆம் ஆண்டின் வன்செயல் மேலும் பலரை ஊரைவிட்டு அகலச் செய்தது. இன்று இளைஞர் கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடிச் செல்கின்றனர். ஆட்கள் குறையப் பிள்ளைகளும் குறைகின்றனர்.

தோட்டப் பாடசாலையின் வரலாறு எளிதாகக் கிடைத்த ஒன்றன்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்துச் சிறுவருக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. அதன் பயனாக எழுந்தவை பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்னும் அளவிலேயே அமைந்தன. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் இப்பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளின் வரிசையில் இடம்பெறவில்லை. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டே அரசாங்கம் இவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆகவே, எட்டுப் பத்துப் பேர்ச்சஸ் நிலத்தில் நிற்கும் அந்தப் பழைய அறை, எழுதப் படிக்கத் தெரியாதிருந்த ஒரு சமுதாயம் ஏறிய முதற்படியாகும். அதனை மாட்டுத் தொழுவமாக விட்டுவிடுதல் முறையாகாது.

தோட்டத்திலே மக்கள் கூடுவதற்குரிய இடங்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். பிரட்டுக்களம் வேலைக்குரியது. கொழுந்து மடுவம் நிறுவைக்குரியது. கோயில் வழிபாட்டுக்குரியது. லயத்து அறையோ குடும்பத்துக்கே போதாதது. சாதி, சமயம், தொழிற்சங்கம் என்னும் வேற்றுமையின்றி எல்லோரும் அமரத்தக்க கூரை பாடசாலை ஒன்றே. அது மூடப்படும்போது பொதுவிடமும் உடன் மூடப்படுகின்றது.

இனிக் கலைக்கு வருவோம். மாசி மாதத்திலே தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுகின்றது. கம்பம் ஊன்றுதல் தொடங்கி, இரதி மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைத்த மதன் எரிக்கப்படுதல், இரதியின் புலம்பல், மதன் மீண்டும் உயிர்பெற்றெழுதல் ஈறாகப் பல நாட்கள் தொடரும் கூத்து அது. ஆடுவோர் அனைவரும் பகலிற் மலையேறி வேலை செய்வோரே. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியனவும் அவ்வாறே ஆடப்பட்டு வந்தன. இவற்றின் பாடல்களிற் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. அண்ணாவிமாரின் நினைவிலே உள்ளது. ஒரு முதியவர் மறைந்தால் ஒரு கூத்தின் பாதி மறைகின்றது. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். அவர் தொடங்கிய பணி ஒவ்வொரு தோட்டத்திலும் தொடரவேண்டிய ஒன்றாகும்.

இவ்விடத்தில் மாத்தளையின் பழம்பெருமை ஒன்றை நினைவுகூர்தல் தகும். மாத்தளை நகருக்கு வடக்கே, சிறிது தூரத்தில் அளுவிகாரை உளது. அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த பாளி மறைகள், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே இங்குதான் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த அக்காலத்தில், மறைகளை நெஞ்சில் நிறுத்தியிருந்த துறவியர் அருகிவந்தனர். அவர்களோடு மறையும் அழியுமே என்னும் அச்சமே அப்பணிக்குத் தூண்டுகோலாயிற்று. அந்த அச்சம் இன்று காமன் கூத்துக்கும் பொருந்தும். எழுதவும் ஒலிப்பதிவு செய்யவும், எழுதியதைப் பேணவும், பேணியதைச் சிறுவருக்குப் பயிற்றவும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் பழைய பாடசாலையாக ஏன் இருத்தல் கூடாது?

அதே அளுவிகாரையில் நமக்கு அண்மைக் காலத்து முன்மாதிரியும் உண்டு. அவ்வூரைச் சார்ந்த எனா த சில்வா அம்மையார் (1922 - 2015) இலங்கையில் பத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் இறுதியில் அமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் முகப்பு மண்டபக் கூரையை அணிசெய்தவை அம்மையாரின் பத்திக் துணிகளே. தலைநகரிற் பெயர்பெற்ற அவர், 1980களில் தம் குடும்பத்து ஊராகிய அளுவிகாரைக்குத் திரும்பி, அங்கே கைப்பணி நிலையத்தை வளர்த்தார். கிராமத்துப் பெண்கள் பத்திக்கும் பூத்தையலும் பயின்றனர். ஆடவர் மரவேலையும் பித்தளை வார்ப்பும் பயின்றனர். அது பாடசாலைக் கட்டடமன்று, குடும்ப வளவு. எனினும் அதிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. கலைக்கூடம் நிலைப்பதற்குக் கட்டடம் மட்டும் போதாது. கற்பிக்க வல்லவர் ஒருவர், கற்போர்க்கு வருவாய், செய்த பொருளுக்குச் சந்தை ஆகிய மூன்றும் வேண்டும்.

பிற நாடுகளிலும் இம்முயற்சி நடந்துளது. ஜப்பானின் கியோத்தோ நகரத்து மக்கள் 1869ஆம் ஆண்டிலேயே தம் பணத்தைத் திரட்டி 64 தொடக்கப் பாடசாலைகளை நிறுவினர். அவற்றுள் ஒன்றாகிய மெய்ரின் பாடசாலை மாணவர் குறைந்தமையால் 1993இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அக்கட்டடம் நகரத்தின் கலை நிலையமாயிற்று. நீகாட்டா மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் 2005இல் மூடப்பட்ட சிறு பாடசாலையை, சித்திரக்கதை ஓவியர் தஷிமா செய்சோ 2009இல் ஓவிய அரும்பொருட் சாலையாக்கினார். அப்பாடசாலையின் கடைசி மாணவர் மூவரையே கதாபாத்திரங்களாக்கி, விதைகளாலும் மரத்துண்டுகளாலும் வகுப்பறைகளை நிரப்பினார். நியூயோர்க்கில் 1976ஆம் ஆண்டு கைவிடப்பட்ட பாடசாலை ஒன்றிலே தொடங்கிய கலைக்கூடம் இன்று உலகப் புகழ்பெற்றுளது. தமிழ்நாட்டிலும் 2019இல் மாணவரற்ற பாடசாலைகள் சிலவற்றை நூலகங்களாக்க அரசு முடிவு செய்தது.

இவற்றிடையே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோக்கியோவில் பழைய பாடசாலையில் 2010இல் தொடங்கிப் பெயர்பெற்ற கலை நிலையம் ஒன்று, 2023 மார்ச்சில் அங்கே தன் பணியை முடித்துக்கொண்டது. எவ்வளவு சிறந்த நிலையமாயினும், கட்டடத்தின்மீது அதற்குள்ள உரிமை காலவரையறைக்கு உட்பட்டதாயின், அதன் ஆயுளும் அவ்வரையறைக்கு உட்பட்டதே.

ஆதலின், எவரேனும் இத்தகைய முயற்சியை மேற்கொள்ளின் முதலிற் செய்யத்தக்கது உரிமையைத் தெளிதல். அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலையாயின் வலயக் கல்விப் பணிமனையையும் மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் அணுகவேண்டும். பொறுப்பேற்கப்படாத பழைய தோட்டக் கட்டடமாயின் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். தோட்டங்களின் நிருவாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதாயினும், நிலம் குத்தகைக்கு விடப்பட்டதேயன்றி விற்கப்பட்டதன்று. வாய்மொழி இணக்கத்தை நம்பிக் கூரை மாற்றுதல் ஆகாது; ஆண்டுக்கணக்குக் குறித்த எழுத்து உடன்படிக்கை வேண்டும்.

இரண்டாவது, இடத்தின் பாதுகாப்பு. மாத்தளை மலைச்சரிவு நிலம். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளியின்போது இம்மாவட்டம் உள்ளிட்ட மலைநாட்டிலே மண்சரிவுகள் நிகழ்ந்தமையை நாம் அறிவோம். எனவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெற்ற பின்னரே திருத்தப் பணிகளைத் தொடங்குதல் வேண்டும். பாதுகாப்பான இடமாயின், மழைக்காலத்தில் அதே மண்டபம் ஊராருக்குப் புகலிடமாகவும் உதவும். பழைய கல்நார்த் தகடுகளை உடைத்தலும் அறுத்தலும் கூடா. அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது.

மூன்றாவது, யார் நடத்துவது என்பது. கோயிற் சபையோ ஒரு தொழிற்சங்கமோ தனித்து நடத்துமாயின் மற்றையோர் விலகி நிற்பர். பெண்களும் இளைஞரும் பழைய மாணவரும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் இடம்பெறும் பொதுக் குழுவே ஏற்றது. மாத்தளையின் ஹப்புவிட கிராமத்திலே பரம்பரையாக அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள் உள்ளன. நகத்தினால் அரக்கு இழை பதிக்கும் அரிய நுட்பம் அவர்களுடையது. தோட்டத்துப் பிள்ளை அதனைக் கற்பதும், கிராமத்துப் பிள்ளை தப்பு அடிக்கக் கற்பதும் ஒரே கூரையின் கீழ் நடத்தல் கூடும்.

தப்பைக் குறித்து ஒளிவுமறைவின்றி ஒன்று கூறவேண்டும். காமன் கூத்துக்கு உயிர் கொடுப்பது தப்பின் ஒலியே. ஆயினும் அதனை அடிக்கும் கடமை நெடுங்காலமாக ஒரு பிரிவினர்மீதே சுமத்தப்பட்டது. கலையைப் போற்றியோர் கலைஞனை வாசலில் நிறுத்தினர். அதனாலேயே தப்புக் கலைஞர் பலர் தம் மைந்தருக்கு அதனைக் கற்பிக்க விரும்பவில்லை. அவர்கள் விரும்பாமை நியாயமே. வகுப்பறையிலே, கரும்பலகைக்கு முன்னால், ஆசிரியர் நாற்காலியில் அக்கலைஞர் அமர்ந்து, ஊதியம் பெற்று, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் நாளிலேதான் அக்கலை இழிவினின்று விடுபடும். வேறெந்த இடத்திலும் இது நடத்தல் அரிது. பாடசாலை என்னும் இடத்துக்கே உரிய மதிப்பு இங்கே கலைக்கும் கிடைக்கின்றது.

செலவு எவ்வாறு என்பர் சிலர். பகலில் முன்பள்ளி, மாலையில் பாடங் கேட்கும் வகுப்பு, வார இறுதியிற் கூத்தும் கைப்பணியும், இடையிடையே திருமணத்துக்கு வாடகை எனப் பல பயன்களைப் பங்கிட்டாலன்றி மின்கட்டணமும் கட்டல் இயலாது. கலைக்கு மட்டுமென்று பூட்டிவைக்கப்படும் மண்டபம் மீண்டும் மூடப்பட்ட பாடசாலையே ஆகிவிடும்.

இறுதியாக, நேயர்களே, இவ்வளவும் கூறியது பாடசாலைகளை மூடுதல் நன்றென்று காட்டுதற்கன்று. ஐந்து வயதுப் பிள்ளை அட்டைக்கடியோடு மூன்று மைல் நடக்கவேண்டிய இடத்தில், இருபது மாணவரே உளராயினும் பாடசாலை திறந்திருத்தலே நீதி. எந்தக் கட்டடத்தையும் கலைக்கூடமாக்க எண்ணுமுன், அங்கே மீண்டும் வகுப்பு நடத்தல் இயலுமா என்று ஊரார் முதலிற் கேட்கட்டும். இயலாதென்று உறுதியான பின்னர், தாமதியாது சாவியைக் கேட்டுப் பெறட்டும். கூரை இருக்கும்போதே கேட்டல் வேண்டும். கூரை போன பின்னர் கேட்பதற்கு யாதும் இராது.