காமன் உள்ளம்

மாசித் திங்களின் வளர்பிறையில் அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே தப்பு முழங்கக் காமன் கம்பம் ஊன்றப்படும். பின்னர், தோட்டத்து ஆடவர் இரதியாகவும் மதனாகவும் வேடம் புனைந்து விடிய விடியக் காமன் கூத்து ஆடுவர்.

கதை யாவரும் அறிந்ததே. சிவபெருமான் யோகத்தில் அமர்ந்துவிட்டார். அவருக்கொரு மைந்தன் தோன்றினாலன்றி அசுரர் கொடுமை தீராது. தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். அவன் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான்.

மன்மதன் செய்தது நன்றா, தீதா? பிறர் தவத்தைக் கலைப்பது பிழை. உலகத் துயர் தீர்க்க முனைவதோ அறம். ஆதலின் அவன் செயலைக்கொண்டு அவனை அளவிட இயலாது, உள்ளத்தைக் காணவேண்டும். அவ்வுள்ளத்தைப் புலவர்கள் ஒருபடியாகக் காட்டவில்லை. காளிதாசரின் குமாரசம்பவத்தில், இந்திரன் அழைத்த மாத்திரத்தே, சிவனுடைய உறுதியையும் குலைப்பேன் என்று அவன் பெருமிதம் பேசுகிறான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலோ, பிரமன் பணித்தபோது முதலில் மறுக்கிறான். சாபத்திற்கு அஞ்சியே இணங்குகிறான். ஓரிடத்தில் செருக்கு; மற்றோரிடத்தில் அச்சம்.

கூத்து இவ்வினாவை இரதியின் வாயில் வைக்கிறது. தீய கனாக் கண்ட அவள், போகவேண்டாமெனக் கணவனைத் தடுக்கிறாள். இருவருக்கும் வாதம் நிகழ்கிறது. அவனோ கடமையைக் கூறி விடைபெறுகிறான். அக்கடமைச் சொல்லின் அடியில் மறைந்திருப்பது புகழாசையா, மேலோரின் சினத்துக்கு அஞ்சிய அச்சமா என்பதைக் காண்போரே தேரவேண்டும்.

இவ்வினா தோட்டமக்களுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணியரின் சொல்லை நம்பித் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தோரின் வழியினர் அவர்கள். ஏவினோர் பாதுகாப்பாய் இருக்க, ஏவப்பட்டவன் எரிவதும், அவன் மனையாள் அழுவதும் அவர்கள் நன்குணரும் செய்தி. இரதியின் ஒப்பாரி எழும்போது பெண்கள் கண்ணீர் வடிப்பது, புராணத்தை நினைந்து மாத்திரமன்று.

இறுதியில் மன்மதன் உயிர் பெறுகிறான்; ஆயினும் இரதி ஒருத்தியின் கண்ணுக்கே புலனாவான். ஆதலால் அவனுக்கு அநங்கன், உடலற்றவன், என்று பெயர். தேவர்களின் காரியம் முடிந்தது, முருகனும் தோன்றினான். அதற்குரிய விலையைக் கொடுத்தவர் இரதியும் மதனும் ஆவர். அதனை ஆண்டுதோறும் மறவாது எடுத்துரைப்பதே இக்கூத்தின் சிறப்பு.