ஒரு செப்புக்காசு வாங்கறதுக்கு முன்னாடி

பாகூர்ல எங்க ஆயா வீட்டு மரப்பெட்டியில ஒரு பழைய துட்டு இருந்தது. பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில நம்ம ஊருக்காக அடிச்ச செப்புக்காசு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ்ல "புதுச்சேரி". எட்டாவது படிக்கும்போது அதைப் புளி போட்டுத் தேய்ச்சேன். திருப்தியாகலை, பீதாம்பரியும் போட்டேன். காசு புதுசு மாதிரி மின்னிச்சு, ஆனா எழுத்து பாதி போயிடுச்சு. ஆயா திட்டலை. "பளபளன்னுதான் இருக்கு, இனிமே இது எந்தக் காசுன்னு யாருக்குத் தெரியும்?"னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. ஏன்னா இப்போ நம்ம ஹாஸ்டல்லயே ரெண்டு மூணு பேர் ரோமானிய வெண்கலக் காசு வாங்கறதைப் பத்திப் பேசறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

இவ்வளவு மலிவா எப்படி?

1,700 வருஷப் பழைய காசு சில டாலருக்கு வெளிநாட்டு ஏலத்தளங்கள்ல கிடைக்குதுன்னா நம்பவே முடியாது. காரணம் எளிது. நாலாம் நூற்றாண்டுல ரோமப் பேரரசு முழுக்க ஒரு டஜனுக்கும் மேல அக்கசாலைகள் ராப்பகலா சின்ன வெண்கலக் காசு அடிச்சுது. படைவீரனுக்குச் சம்பளம், சந்தையில சில்லறை, எல்லாம் இதுதான். ஆபத்து வந்தா பானையில போட்டுப் புதைச்சாங்க. எடுக்கத் திரும்பி வராதவங்க பானைதான் இன்னைக்கு நிலத்துல கிடைக்குது.

எடையைப் பார்த்தா விலைவாசி உயர்வே தெரியும். டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்குல அறிமுகப்படுத்தின பெரிய வெண்கலக் காசு சுமார் 10 கிராம். 330களின் தொடக்கத்துல கான்ஸ்டன்டைன் காலக் காசு சுமார் 2.5 கிராம்தான்.

எப்படிப் படிக்கிறது?

ஆன்லைன்ல கிடைக்கிற சின்ன எடை மெஷின், ஒரு லென்ஸ், ஒரு ஸ்கேல் போதும். எடையும் விட்டமும் முதல்ல எழுதி வைங்க. அப்புறம் பின்பக்கம் பாருங்க. மலிவுக் காசுகள்ல ரொம்ப அதிகமா வர்ற ஒரு வகையில ரெண்டு படைவீரர்கள் நிப்பாங்க. சுத்தி "குளோரியா எக்ஸர்சிடஸ்", அதாவது "படையின் புகழ்"னு எழுதியிருக்கும். நடுவுல ரெண்டு கொடி இருந்தா 330 முதல் 335 வரை. ஒரே கொடின்னா 335 முதல் 341 வரை, எடையும் இன்னும் குறைஞ்சிருக்கும். முகம் தேய்ஞ்சு போயிருந்தாலும், கொடியை எண்ணியே காலத்தைச் சொல்லிடலாம்.

படத்துக்குக் கீழ ஒரு கோடு, அதுக்கும் கீழ சில எழுத்து இருக்கும். அதுதான் அக்கசாலைக் குறி. "கான்ஸ்"னு படிக்க முடிஞ்சா கான்ஸ்டான்டிநோபிள், "ஏ எல் ஈ"ன்னா அலெக்சாண்ட்ரியா.

பச்சை நல்லது, பவுடர் கெட்டது

காசு மேல இறுகிப் பிடிச்சிருக்கிற பச்சை, பழுப்புப் படலம் அழுக்கு இல்லை, அதுதான் கவசம். பல சமயம் எழுத்தே அந்தப் படலத்துலதான் மிஞ்சியிருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதைக் கரைச்சிடும். மண் ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு, மரப் பல்குச்சியால பொறுமையா எடுங்க.

ஆனா வெளிர்பச்சையா பவுடர் மாதிரி உதிர்ந்தா அது வெண்கல நோய். உள்ள இருக்கிற காப்பர் குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தா ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் உலோகத்தை அரிச்சு மறுபடி குளோரைடு ஆகும். வட்டம் நிக்காது. நம்ம கடலோரக் காத்துல இது இன்னும் வேகம். அந்தக் காசைத் தனியா, ஷூ பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பாவுல வைங்க.

ரோமுக்குப் போக வேண்டாம்

இந்தக் காசுகள் நம்ம பக்கமும் வந்திருக்கு. கரூர் அமராவதி ஆத்து மணல்லயும் மதுரையிலயும் ரோமானியச் செப்புக்காசுகள் கிடைச்சிருக்கு. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். இலங்கையிலயும் இந்தக் காசு நிறைய. அங்க இதைப் பார்த்து உள்ளூர்லயே நகல் அடிச்சுப் புழங்கியிருக்காங்க.

இப்போ நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். பாகூர்ல இருந்து கடலூர் ரோட்டு பஸ்ல புதுச்சேரி போறப்ப அரியாங்குப்பம் தாண்டுவீங்க. அங்க ஆத்தங்கரையிலதான் அரிக்கமேடு. மார்ட்டிமர் வீலர் 1945-ல அங்க தோண்டினார். அவருக்குக் காலத்தைக் காட்டினது காசு இல்லை, உடைஞ்ச சிவப்புத் தட்டு ஓடுகள். இத்தாலியில அரெஸ்ஸோ ஊர்ல செஞ்ச அரட்டைன் தட்டு. அது எந்தக் காலம்னு அங்க ஏற்கெனவே தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முதல் பாதி. அதோட நம்ம பக்கத்து ரௌலெட்டட் ஓடுகளும் கிடைச்சதால, அதுக்கும் ஒரு காலம் கிடைச்சது. அப்புறம் தென்னிந்தியாவுல வேற எங்க அந்த ஓடு கிடைச்சாலும் அதை வச்சு அந்த ஊருக்கும் காலம் சொல்ல முடிஞ்சது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டி, வீலர் சொன்னதைத் திருத்தினாங்க. எந்த மண்ணடுக்குல எதுன்னு குறிச்சு வச்சதாலதான் திருத்தவே முடிஞ்சது.

கவனிங்க, தட்டு ஓட்டுக்குச் சந்தை விலை கிடையாது. ஆனா எங்க, எந்த அடுக்குல, எதோட கிடைச்சதுன்னு தெரிஞ்சதால அது வரலாறு எழுதுச்சு. நம்ம கையில இருக்கிற அழகான காசுக்கு அந்த விவரம் இல்லைன்னா, அது ரோமைப் பத்திச் சொல்லும், நம்ம ஊரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

அதனால வாங்கும்போது…

"அரிக்கமேட்டுல கிடைச்சது தம்பி"னு யாராவது காட்டினா தொடாதீங்க. ஒண்ணு பொய், இல்லைன்னா பாதுகாக்கப்பட்ட இடத்துல திருடினது. மழைக்குப் பிறகு போய் நீங்களே பொறுக்கறதும் அதே தப்புதான். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான காசு தொல்பொருள். அதை விற்கிற தொழில் செய்ய உரிமம் வேணும், வெளிநாட்டுக்கு நாம அனுப்பவே கூடாது. மண்ணுல 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா ஆட்சியருக்குத் தெரிவிக்கணும்னு 1878 சட்டம் சொல்லுது. வயல்ல தற்செயலா ஒரு காசு கண்ணுல பட்டா, தேய்க்காம, இடத்தைப் போட்டோ எடுத்துட்டுச் சொல்லுங்க.

உரிமம் உள்ளவர்கிட்ட பில்லோட வாங்குங்க. விளிம்பைச் சுத்தி ஒரு கோடு, மேல நுண்ணிய குமிழ் இருந்தா அச்சுல வார்த்த போலி. வாங்கின தேதி, விற்றவர், எங்க கிடைச்சதா சொன்னார்னு ஒரு சீட்டு எழுதி காசோடவே வைங்க.

காசு செலவழிக்காம ஆரம்பிக்கணுமா? புதுச்சேரி அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கு, ஒரு சனிக்கிழமை போங்க. அப்படியே வீட்டுப் பெட்டியையும் பாருங்க. ஆயாவோட துட்டு இப்போ ஒரு சீட்டோட என்கிட்ட இருக்கு. "புதுச்சேரி"யில "புது" மட்டும் படிக்கலாம். மீதியை யார் அழிச்சதுன்னும் அந்தச் சீட்டுல எழுதியிருக்கேன்.