மருதநாயகத்தின் கலகமும் காவிரியின் நெல்லும்

1997 அக்டோபரில், சென்னை எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில், இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் ‘மருதநாயகம்’ படத்தின் தொடக்க விழா நடந்தது. கமல்ஹாசன் இயக்கி நடிக்கவிருந்த அந்தப் படம் பணமுடையால் நின்றுபோனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சிப்பாய்த் தளபதியாக உயர்ந்து, பிறகு அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட முகமது யூசுப் கானின் கதை அது. அந்தப் படம் எப்போது வரும், யார் நடிப்பார்கள், எத்தனை கோடி ஆகும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவருடைய கலகம் எதிலிருந்து பிறந்தது? யூசுப் கானை உயர்த்தியது நெல். கலகத்துக்குத் தள்ளியது நெல்லின் மீதான வரி. கடைசியில் வீழ்த்தியது நெல் இல்லாத கோட்டை. அந்தக் காலத்துத் தென்னாட்டுப் போர்களுக்குச் சோறு போட்ட தஞ்சைச் சீமையைக் காட்டாமல் அவர் கதையைப் படமாக்கினால், வாள் வீச்சு இருக்கும். கலகம் ஏன் நடந்தது என்பது இருக்காது.

முதலில் அவர் உயர்ந்த விதத்தைப் பார்ப்போம். இராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில், மருதநாயகம் பிள்ளை என்ற பெயரில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது அவரைப் பற்றி வழங்கிவரும் மரபு. 1752-இல் தொடங்கி 1754 வரை திருச்சிக் கோட்டைக்காக நடந்த நீண்ட போரில்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. உள்ளே ஆற்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்களும் ஆங்கிலேயர்களும். வெளியே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும். கோட்டைக் களஞ்சியத்தில் இருந்த தானியத்தை நவாபின் சொந்த ஆட்களே விற்றுத் தீர்த்துவிட்டார்கள் என்பது 1753-இல் தெரியவந்தபோது, சில வாரங்களுக்கான உணவுதான் மிச்சம் இருந்தது. அதன் பிறகு திருச்சியைச் சுற்றி நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை பொதி மாடுகளுக்காக நடந்தவை. தஞ்சைச் சீமையிலிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்தும் அரிசி மூட்டை சுமந்து வரும் மாடுகளைக் காட்டு வழியாக, பெரும்பாலும் இரவில், எதிரியின் குதிரைப்படைக்குத் தப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு கூட்டம் தவறினால் கோட்டையில் அடுப்பு எரியாது. 1754 பிப்ரவரியில் அப்படி ஒரு பொதிக் கூட்டம் எதிரி கையில் சிக்கியபோது, அதற்குக் காவலாக வந்த ஐரோப்பியப் படைப்பிரிவே அழிந்தது.

இந்த வேலையில் யூசுப் கானுக்கு நிகராக யாரும் இல்லை. நாட்டின் வழிகள், ஒற்றர்கள், வண்டிக்காரர்கள், தானியம் வைத்திருப்பவர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆங்கிலப் படைத் தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரை மெச்சியபோது, துணிச்சலோடு சேர்த்து, படைக்கு உணவுத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டதையும் முக்கியமாகக் குறிப்பிட்டார். 1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தளபதி ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. வெள்ளைக்காரர்களின் படையில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் அந்த உயரத்துக்குப் போனதற்கு வாள் வீரம் ஒரு காரணம் என்றால், காவிரிக்கரை நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்த திறமை அதைவிடப் பெரிய காரணம்.

நெல்லுக்கு இவ்வளவு மதிப்பு என்றால், நெல்லை விளைவிக்கும் தண்ணீரும் போர்க்கருவி ஆகாமல் இருக்குமா? திருவரங்கத் தீவுக்குக் கிழக்கே, காவிரியும் கொள்ளிடமும் மீண்டும் நெருங்கி வரும் இடத்தில் கோவிலடி இருக்கிறது, பக்கத்தில் கல்லணை. அங்கே கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. நடுவில் கரை இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும்; தஞ்சைச் சீமையின் வாய்க்கால்கள் காய்ந்துவிடும். 1754-இல் பிரெஞ்சுப் படை கோவிலடியைப் பிடித்து, அந்தக் கரையை வெட்டியது. தஞ்சை மன்னர் பிரதாப சிங்கை ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து பிரிக்க, அவருடைய கோட்டையைத் தாக்குவதைவிட அவருடைய குடிகளின் வயலைக் காயவைப்பது எளிது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஓர் அரசரை மிரட்டுவதற்காக வெட்டப்பட்ட அந்தக் கரையின் விலையைக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள், எந்தக் கொடியின் கீழும் நிற்காத குடியானவர்கள். படமெடுப்பவருக்கு இதைவிட வலிய காட்சி வேறு எங்கே கிடைக்கும்?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையையே முற்றுகையிட்டார். நவாப் பதவிக்கு முகமது அலியோடு போட்டியிட்ட சந்தா சாகிபுக்குத் தஞ்சை மன்னர் எழுதிக்கொடுத்திருந்த பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டு வந்த படை அது. கோட்டை விழும் முன் உணவும் வெடிமருந்தும் தீர்ந்து, ஆகஸ்டில் லாலி பின்வாங்கினார். தென்னாட்டின் நெற்களஞ்சியத்துக்கு நடுவே ஒரு ஐரோப்பியப் படை பசியில் திரும்பியது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது. நெல் வயலில் இருப்பதும், படையின் வயிற்றுக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல. இடையில் மிராசுதாரும் வண்டிக்காரரும் வழிகாட்டியும் இருக்கிறார்கள். அவர்கள் ஒத்துழைக்காவிட்டால் பீரங்கிக்கு மதிப்பில்லை. யூசுப் கானின் மதிப்பு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

இனி கலகத்துக்கு வருவோம். 1759 முதல் யூசுப் கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தார். கம்பெனிக்குக் குத்தகைப் பணம் கட்டினார். ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, குத்தகையை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தச் சீமைகள் நவாபுக்கு உரியவை என்றும், யூசுப் கான் நவாபுக்குக் கீழ்ப்பட்டவர் என்றும் கம்பெனி முடிவு செய்தது. போர்ச் செலவுக்காக நவாப் கம்பெனியிடம் பெருங்கடன்பட்டிருந்தார். அந்தக் கடனை அடைக்க அவருக்கு ஊர்களின் வருமானம் முழுவதும் தேவைப்பட்டது. அதே ஆண்டுகளில் தஞ்சையின் மீதும் அதே கை விழுந்தது. 1762-இல் கம்பெனி நடுவில் நின்று செய்துவைத்த உடன்படிக்கைப்படி, தஞ்சை அரசு நவாபுக்குப் பாக்கியாக 22 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 4 லட்சமும் கொடுக்க வேண்டும். மதுரைக்கும் தஞ்சைக்கும் வெவ்வேறு அரசியல் இருந்தது. இரண்டையும் நெருக்கிய கடன் ஒன்றே. மதுரையில் இருந்தவர் படைத்தலைவர். ஆகவே அவர் ஆயுதம் எடுத்தார். தஞ்சையில் இருந்தவர் மன்னர். ஆகவே அவர் பேரம் பேசினார்.

1763-இல் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, மதுரைக் கோட்டையில் இருந்து போரிட்டார். முதல் முற்றுகை மழையோடு கலைந்தது. 1764 ஜூனில் நடந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அதன் பிறகு ஆங்கிலேயர்கள் கையில் எடுத்தது, திருச்சியில் யூசுப் கானிடமே கற்ற பாடம்: வழிகளை அடைத்தார்கள், தானியம் உள்ளே போகாமல் தடுத்தார்கள். பசி கோட்டைக்குள் பிளவை உண்டாக்கியது. அக்டோபரில், தொழுகையில் இருந்தவரை அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரரான மார்ஷாந்தும் சேர்ந்து கட்டிப்போட்டு ஒப்படைத்தார்கள். பொதுவாக இந்த முடிவைத் துரோகத்தின் கதையாகச் சொல்கிறோம். துரோகம் நடந்தது உண்மை. மாதக்கணக்கான பட்டினி இல்லாமல் அந்தத் துரோகத்துக்கு வழி பிறந்திருக்காது என்பதும் உண்மை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. கலகத்தைக் குத்தகைத் தகராறாகச் சுருக்கினால், நாட்டுப்பற்றுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கம்பெனிக்காக நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரோடு போரிட்டவரும் இதே யூசுப் கான்தானே என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றே. பிற்கால விடுதலைப் போராட்டத்தின் சொற்களை 1763-இல் வைத்துப் பார்த்தால், அவர் தியாகியாகவோ துரோகியாகவோ மட்டுமே தெரிவார். ஒரே ஆள் பூலித்தேவரை அடக்கியதையும், பிறகு கம்பெனியை எதிர்த்ததையும் விளக்க, அவர் கண்டுகொண்ட உண்மையைப் பார்க்க வேண்டும். கம்பெனி தன் படைக்கு உழைப்பவனை மதிக்கும். அவன் ஒரு சீமையை நன்றாக ஆண்டு, குடிகளின் ஆதரவைப் பெற்றால், அவனைப் பொறுத்துக்கொள்ளாது. வரி வாங்குபவனாக இருக்கலாம்; அரசனாக இருக்கக் கூடாது. பத்து ஆண்டுக்கு மேல் உள்ளேயிருந்து பார்த்தவர் என்பதால்தான் அவருடைய எதிர்ப்புக்கு எடை கூடுகிறது. பூலித்தேவரோடு நடந்த போரை மறைக்கும் படம் அந்த எடையைத்தான் இழக்கும்.

மற்றொரு மறுப்பு திரைப்படத்தைப் பற்றியது. வரியும் நெல்லும் படிக்க நன்றாக இருக்கும். திரையில் யார் பார்ப்பார்கள் என்பார்கள். 1959-இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இதற்கு விடை தந்துவிட்டது. அந்தப் படத்தில் தமிழர்கள் மனப்பாடமாகச் சொல்லும் காட்சி போர்க்களத்தில் நடப்பதில்லை. ஜாக்சன் துரையிடம் சிவாஜி கணேசன் வரியைப் பற்றி வாதாடும் காட்சி அது. உழவு வேலையில் எந்தப் பங்கும் இல்லாதவன் எந்த உரிமையில் வரி கேட்கிறான் என்ற கேள்விதான் அதன் உயிர். வரலாற்றில் ஜாக்சன் சந்திப்பு அப்படியே நடந்ததா என்பது வேறு விவாதம். மக்களின் மனம் எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது என்பதே இங்கே சான்று. இரவில் நகரும் பொதி மாடுகளும், வெட்டப்படும் ஆற்றுக்கரையும், காலியான களஞ்சியமும் அந்த மக்களுக்கு விளங்காமல் போகாது.

கலகம் அடங்கிய பிறகு நடந்தது இந்த வாதத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. மதுரை விழுந்து 10 ஆண்டுகள் ஆவதற்குள், 1773-இல், நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையையே பிடித்தார்கள். மன்னர் துளஜா சிறைப்பட்டார். நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்திருந்த பால் பென்பீல்டு போன்ற கம்பெனி ஊழியர்கள், தஞ்சை வயல்களின் விளைச்சல் தங்களுக்கு அடகு என்று உரிமை கொண்டாடினார்கள். 1776-இல் தஞ்சையை மன்னருக்கே திருப்பிக் கொடுத்த சென்னை கவர்னர் பிகட்டை, அவருடைய ஆலோசனைச் சபை உறுப்பினர்களே கைது செய்தார்கள். அவர் காவலிலேயே இறந்தார். ஒரு போகத்து நெல்லுக்காகச் சென்னை கவர்னரே சிறைப்பட்ட நாட்டில், மதுரையில் ஒரு சிப்பாய்த் தளபதி கலகம் செய்ததில் வியப்பு என்ன இருக்கிறது?

மதுரை யூசுப் கானை மறக்கவில்லை. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது; கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது; ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடல் இருக்கிறது. அவர் உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்கள், ஒரு கால் தஞ்சாவூருக்கு வந்தது என்பது மக்கள் சொல்லிவரும் கதை. அது நடந்ததோ இல்லையோ, அவர் கதை மதுரையோடு முடிவதில்லை என்பதை மக்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே இந்தக் கதையை இனி எடுப்பவர் எவராக இருந்தாலும், மதுரைக் கோட்டையின் மாதிரிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கைக் காவிரிக் கரைக்கும் செலவிட வேண்டும். நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர், களத்தில் அரசின் பங்கான மேல்வாரம் போகத் தன் பங்கான குடிவாரத்தை அளந்து எடுத்துக்கொண்டவர், மூட்டையை மாட்டின் மேல் ஏற்றியவர் ஆகியோருக்கு அந்தப் படத்தில் பெயரும் முகமும் வேண்டும். அவர்கள் விளைவித்ததற்காகத்தான் எல்லாப் படைகளும் வந்தன. கலகமும் அதிலிருந்தே பிறந்தது.