பழைய வண்டியின் பம்பருக்கு வர்ணம் பொருத்துதல்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் குகைக் கோயில் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. கல்லுக்குத் துருவில்லை; குடியானவர்களின் பழைய ஜீப்புக்கும் டிராக்டருக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பம்பரிலும் மட்கார்டின் ஓரத்திலும் வர்ணம் உதிர்ந்தவிடத்து ஈரம் புகுந்து, எஞ்சிய வர்ணத்தின் அடியிலும் துரு பரவித் தகட்டை அரித்துவிடுமாதலால், அறுவடை முடியட்டும் என்று தாமதித்தல் தகாது.

வண்டியின் வர்ணக் குறியெண்ணைச் சொல்லி வாங்கினால் போதுமென்று பலர் நம்புகின்றனர். அது புது வண்டிக்கே பொருந்தும். பல்லாண்டு வெயிலில் நின்ற வர்ணம் வெளுத்திருக்குமாகையால், அதே எண்ணுள்ள புது வர்ணம் திட்டாகத் தெரியும். கழற்றக்கூடிய சிறு பாகமொன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று, வெயில் பட்ட பக்கத்தை அழுக்கறத் துடைத்து, அதற்கொப்பக் கலக்கச் செய்க. கலந்ததை அட்டையில் பூசி, நன்குலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடல் வேண்டும். ஈரத்தில் கண்ட நிறம் உலர்ந்தபின் மாறும். கடை விளக்கையும் நம்பலாகாது.

துருவை உப்புத்தாளால் முற்றும் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசிய பிறகே வர்ணம். பிளாஸ்டிக் பம்பருக்குரிய பிரைமர் வேறு. பழைய எனாமலின் மேல் லாக்கர் பூசினால் எனாமல் சுருங்கி எழும்பும். வண்டியின் நிறத்தையே மாற்ற எண்ணுவோர் பதிவுச் சான்றிதழிலும் அதைத் திருத்திக்கொள்ள நேரும்.