கீலிலிருந்து தொடங்கலாம்

வீட்டுக்கு வரும் கருவிகள் – 17

தங்கை மகளுக்குக் கோவையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கட்டிய மறுநாள் காலையிலேயே போன் செய்தாள்.

“மாமா, லேப்டாப் வாங்கணும். நாலு வருஷம் தாங்கணும். எந்தக் கம்பெனி நல்லது, சொல்லுங்க.”

எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் தர முடியாது என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

கடைக்குப் போகும் முன் வேறோர் இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளைச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகலான தெருவில், புதிது விற்கும் கடைகளை எல்லாம் தாண்டி, செங்குத்தான மாடிப்படி ஒன்றில் ஏறினால் பழுது பார்க்கும் ஓர் அறை. எனக்கு அங்கே பல வருடப் பழக்கம். விற்கிற இடத்தில் எல்லா மடிக்கணினியும் பளபளவென்றுதான் இருக்கும். எது எப்படி வீணாகிறது என்பது சர்வீஸ் மேசையில்தான் தெரியும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மேசையில் நான்கு கிடந்தன. அதில் இரண்டு கீல் உடைந்தவை. ஹிஞ்ச் என்றுதான் அங்கே சொல்வார்கள். பழுது பார்க்கும் தம்பி அவற்றில் ஒன்றின் அடிமூடியைக் கழற்றி, விளக்கை அருகே இழுத்துக் காட்டினார். மிளகளவு பித்தளை மரை ஒன்று, சுற்றிலும் ஒட்டிய பிளாஸ்டிக் துணுக்கோடு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு குழி. அவ்வளவுதான் சேதம்.

திரையைத் தாங்குவது இரும்புக் கீல். அந்தக் கீல், உடம்பின் பிளாஸ்டிக் தூண்களுக்குள் புதைத்து வைத்த பித்தளை மரைகளில் முடுக்கப்பட்டிருக்கும். திரை ஆடாமல் நிற்க வேண்டுமென்று கீலை இறுக்கமாகவே செய்கிறார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் அந்த இறுக்கத்தின் விசை முழுவதும் பிளாஸ்டிக் தூணின் மேல் இறங்குகிறது. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் இருந்தால், ஒரு பக்கத் தூணுக்கே முக்கால் பாரம். இரண்டு மூன்று வருடத்தில் தூண் விரிந்து, ஒருநாள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகும் திறந்து மூடினால் உடம்பு பிளக்கும், திரைக்குப் போகும் கேபிள் நசுங்கும்.

“போர்டு நல்லா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா இருக்கு. இந்த மரை பேந்ததால பாடியையே மாத்தணும். கம்பெனியில கேட்டா பாதி விலை சொல்றாங்கன்னு இங்க வந்தாங்க. நான் எப்பாக்ஸி வச்சுத் தரேன், எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல முடியாதும்மா” என்றார் அவர்.

பெரும்பாலான விளம்பரங்களில் கீலைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனால் கடையில் கையால் சோதிக்க முடிகிற விஷயம் இது. மேசையில் வைத்து, திரையின் நடு விளிம்பை ஒரே விரலால் தூக்கிப் பாருங்கள். அடிப்பகுதி கூடவே எழாமல் திரை மட்டும் வர வேண்டும். பாதி திறந்த நிலையில் கீலுக்கு அருகே உடம்பில் கிறீச் என்று சத்தம் வந்தாலோ, பிளாஸ்டிக் இடைவெளி விட்டாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் தொட்டிலாகக் குழிந்தால், உள்ளே முட்டுக்கொடுக்க உலோகச் சட்டம் போதவில்லை என்று பொருள்.

மூன்றாவது கணினியில் டச்பேட் அழுந்தவில்லை. தம்பி திறந்து பார்த்தபோது அடியிலிருந்த பேட்டரி தலையணையாக ஊதியிருந்தது. டச்பேட் திடீரென்று கெட்டித்துப்போனாலோ ஒரு பக்கம் மேலெழுந்தாலோ முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்திவிட்டு எடுத்துப்போக வேண்டும், தீப்பிடிக்கிற சமாச்சாரம். லித்தியம் பேட்டரிக்கு வெப்பமும் ஆகாது, நூறு சதவீதத்திலேயே நாள் முழுக்க நிற்பதும் ஆகாது. எண்பதோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும் வசதியைப் பல கம்பெனிகள் தங்கள் மென்பொருளில் தருகின்றன. விடுதி மேசையில் எப்போதும் செருகியே வைத்திருக்கப்போகிற பிள்ளைகள் முதல் நாளே அதைப் போட்டுவிடுவது நல்லது.

நான்காவதில் சார்ஜ் ஏறும் டைப்-சி துளை ஆடிப்போயிருந்தது. பழைய உருண்டை முனை சார்ஜரின் துளை பெரும்பாலும் தனி ஒயரில் வரும், எளிதாக மாற்றலாம். டைப்-சி துளையோ பல மாடல்களில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சார்ஜ் ஏற்றக்கூடிய டைப்-சி துளை இரண்டு இருந்தால், ஒன்று போனாலும் மற்றதை வைத்து ஓட்டலாம்.

கீழே இறங்கி வரும்போது அவள் பழைய கேள்விக்கே திரும்பினாள். “இதெல்லாம் சரி மாமா. கம்பெனி?”

அமெரிக்காவில் வாரன்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் 2009-இல், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புது மடிக்கணினிகளின் கதையைத் தொகுத்து வெளியிட்டது. மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பழுதாகிறது என்றது அது. அதில் மூன்றில் இரண்டு பங்கு தானாகக் கெட்டவை, மீதி கீழே போட்டும் காபி கொட்டியும் கெட்டவை. கம்பெனிவாரியாகப் பார்த்தால், தானாகக் கெட்டது முதலிடங்களில் நின்றவற்றில் 16 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, கடைசியில் நின்றதில் 25 சதவீதத்துக்குச் சற்று மேலே. வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மிகச் சிறந்த கம்பெனியை எடுத்தாலும் ஏறக்குறைய ஆறில் ஒன்று கெடுகிறது. அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நின்ற தோஷிபா, 2020-இல் மடிக்கணினித் தொழிலை விட்டே போய்விட்டது. பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

விலையும் காப்பாற்றாது. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகையை நினைத்துப் பாருங்கள். தூசி புகுந்தால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். விசைப்பலகை மேல்மூடியோடு ஒன்றாக இருந்ததால், ஓர் எழுத்துக்காகப் பேட்டரியோடு சேர்த்து மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தார்கள். வழக்குக்குப் பிறகு 2022-இல் ஐந்து கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

கம்பெனியைவிட வரிசை முக்கியம் என்பது என் அனுபவம். ஒரே நிறுவனம் வீடுகளுக்கு ஒரு வரிசையும் அலுவலகங்களுக்கு வேறொரு வரிசையும் செய்கிறது. லெனோவோவின் திங்க்பேட், எச்பியின் எலைட்புக், ப்ரோபுக், 2025-இல் டெல் ப்ரோ என்று பெயர் மாறிய டெல்லின் லாட்டிட்யூட், இவை எல்லாம் அலுவலக வரிசைகள். ஒரு வங்கி ஐயாயிரம் மடிக்கணினி வாங்கும்போது, மூன்று வருடத்துக்கு ஆள் நேரில் வந்து சரிசெய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறது. ஆக, கெட்டால் செலவு கம்பெனியின் தலையில். விசைப்பலகையை இருபது நிமிடத்தில் மாற்ற முடிந்தால் அவர்களுக்கு லாபம், இரண்டு மணி நேரம் ஆனால் நட்டம். அதனால் திருகுகளைக் குறைக்கிறார்கள், கீல் பொருந்தும் இடத்துக்கும் உலோகம் வைக்கிறார்கள், உதிரிபாகத்தை வருடக்கணக்கில் கையிருப்பில் வைக்கிறார்கள். வீட்டு வரிசையில் ஒரு வருடம் தாண்டினால் செலவு நம் தலையில். அங்கே கம்பெனியின் கவனமெல்லாம் கடை அலமாரியில் மெலிசாகவும் அழகாகவும் தெரிவதில் போய்விடுகிறது. அலுவலக வரிசையிலும் மேல்தட்டு கீழ்த்தட்டு உண்டு. கீழ்த்தட்டு எழுபதாயிரத்துக்குள் தேடினால் கிடைக்கும், திரை கொஞ்சம் மங்கலாகவும் உடம்பு கொஞ்சம் கனமாகவும் இருக்கும். நான் அதை ஏற்றுக்கொள்வேன்.

பிரான்சில் 2021 முதல், மடிக்கணினியைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்ணைக் கடையிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்கு அதற்குப் பதிலாக ஒரு வழி இருக்கிறது. லெனோவோ, டெல், எச்பி மூன்றும் தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் மேனுவலை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பழுது பார்ப்பவர்களுக்காக எழுதியதுதான், ஆனால் படம் போட்டிருப்பதால் யாருக்கும் புரியும்.

மதியம் டிபன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் போனிலேயே இரண்டு மேனுவலை இறக்கிக்கொண்டாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே விலை. முதலாவதில் விசைப்பலகையை மாற்றும் பக்கத்தைத் தேடினாள். அடிமூடி, பேட்டரி, விசிறி, போர்டு, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போய், கடைசியில் ‘மேல்மூடியின் ஒரு பகுதி’ என்று முடிந்தது. ராமுக்குத் தனிப் பக்கமே இல்லை.

“மாமா, ராம் எப்படி மாத்தறதுன்னே போடலையே?”

“போர்டோட பத்தவச்சிருக்காங்கன்னு அர்த்தம்மா. எட்டு ஜிபின்னா கடைசி வரைக்கும் எட்டுதான்.”

இரண்டாவது மேனுவலில் அடிமூடியின் திருகுகள் கழற்றினாலும் கீழே விழாமல் மூடியோடே நிற்பவை. பேட்டரிக்குச் சில திருகுகள், பசை இல்லை. ராமுக்கு இரண்டு துளைகள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது, அவள் தலை நிமிரவில்லை. அவளுடைய அண்ணனுக்கு அரசுப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி அவள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ராமையும் டிஸ்க்கையும் மாற்ற முடிந்ததால்தான் அது இத்தனை வருடம் ஓடுகிறது.

பிராசசர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய எண்ணெல்லாம் புதிய சிப் ஆகாது. ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் தலைமுறை. ரைசன் 5 7520யு என்று இருந்தால் மூன்றாவது இலக்கம் 2. அது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 2022-இல் புதுப் பெயரோடு கடைக்கு வந்தது. அந்தச் சிப்போடு வரும் ராம் எப்போதும் போர்டில் பற்றவைத்ததே. 7530யு என்றால் ஜென் 3, 7540யு என்றால் ஜென் 4. பழைய சிப் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பழைய பிராசசர் என்ற காரணத்தாலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாற முடியாமல் நின்றன. முடிந்தவரை இளைய சிப்பை எடுப்பது ஆயுளுக்கு நல்லது.

‘ராணுவத் தரம்’ என்று ஒரு முத்திரை ஒட்டியிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற தரநூலில் பல சோதனைகள் உண்டு. எவற்றைச் செய்வது என்று தீர்மானிப்பது தயாரிக்கும் கம்பெனிதான், ராணுவம் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. அந்த முத்திரைக்காக ஐயாயிரம் கூடக் கொடுப்பதற்குப் பதில், அதே பணத்தில் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டுங்கள், ஆள் நேரில் வருகிற வகையாக.

மாலையில் அண்ணா சாலைக் கடையில் அவள் நேராகப் போய் ஒரு விரலால் திரையைத் தூக்கினாள். விற்பனையாளர் பையும் மவுசும் இலவசம் என்று தொடங்கியபோது, “அண்ணா, கோயம்புத்தூர்ல சர்வீஸ் சென்டர் எங்க இருக்கு?” என்று கேட்டாள். அவர் மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டு முகவரியை எழுதிக் கொடுத்தார். எந்த மாடல் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆறு மாதத்தில் அந்த எண் கடைகளில் இருக்காது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும், அடியிலிருந்த சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வாரன்டி ஏழு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகக் காட்டியது. கிடங்கிலிருந்து கிளம்பிய தேதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பில்லைப் படமெடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள், வாங்கிய தேதிக்கே மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் பேட்டரி

(தொடரும்)