வெற்றுக் கூடு ஏன் சிக்குகிறது?

துப்பாக்கி என்றதும் நம் நண்பர்களுக்குத் திரைப்படக் காட்சிதான் நினைவுக்கு வரும். கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருப்பான். தோட்டாவும் தீராது, துப்பாக்கியும் சிக்காது. பல்கலைக்கழகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இவ்விரண்டும் பொய் என்று நான் கண்டுகொண்டேன். "இவன் துப்பாக்கி எடுத்தால் இலக்குக்கு ஆபத்தில்லை" என்று விடுதியில் நம்மவர் கேலி செய்வதுண்டு. அக்கேலிக்குப் பாதிக் காரணம் என் கை. மறுபாதிக் காரணம் கழகத்தின் பழைய கைத்துப்பாக்கி.

எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. .22 வகை, அரைத் தானியங்கி, எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தது. சென்ற ஆண்டு போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அது அடம் பிடிக்கத் தொடங்கியது. பத்து முறை சுட்டால் இருமுறை வெற்றுக் கூடு வெளியே போகாமல் சிக்கிக்கொண்டது. அதனை ஒதுக்கிவிடலாம் என்றே கழகத்தில் பேச்சு எழுந்தது. புதியது வாங்கப் பணமில்லை. உரிமம் முதலிய முறைகளுக்குக் காலமுமில்லை. ஒதுக்கினால் நாங்கள் நால்வர் ஓராண்டு பயின்றதும் வீணாகும்.

முதலில் அப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். வெடிமருந்து எரிந்ததும் பிறக்கும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே விசையோடு வெற்றுக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. .22 வகைக் கைத்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றில் பூட்டு ஒன்றுமில்லை. ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் வலுவுமே கூட்டைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துகின்றன. பின் ஸ்லைடு பின்னோக்கி ஓடுகிறது. அதில் எக்ஸ்டிராக்டர் என்னும் சிறு கொக்கி இருக்கிறது. அது கூட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உடன் செல்கிறது. வழியில் எஜெக்டர் என்னும் அசையாத முட்டு ஒன்று காத்திருக்கிறது. கூட்டின் ஒரு பக்கத்தைக் கொக்கி பிடித்திருக்க, மறுபக்கம் முட்டில் மோதுகிறது. உடனே கூடு சுழன்று பக்கவாட்டுத் திறப்பின் வழியே வெளியே பாய்கிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ள, அடுத்த தோட்டா குழலறையில் ஏறுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஸ்டாண்டர்டு பிஸ்டல் என்னும் போட்டியில் கடைசிக் கட்டத்தில் பத்து வினாடிக்குள் ஐந்து முறை சுட வேண்டும். ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் இன்னும் கடுமையானது. அங்கே ஐந்து குண்டுக்கு முறையே 8, 6, 4 வினாடிகளே கிடைக்கும். 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றது அப்போட்டியில்தான். ஒரு கூடு சிக்கினால் அத்தொடர் அங்கேயே நின்றுவிடும். துப்பாக்கியின் கோளாறுக்கு விதிகளில் சலுகை உண்டு. ஆயினும் அதற்கு வரம்பும் உண்டு.

எங்கள் துப்பாக்கியில் கூடு திறப்பிலே நட்டுக்கொண்டு, அடுப்பின் புகைபோக்கி போல நின்றது. நான் பொறியியல் மாணவன் அல்லவா? உடனே தீர்ப்புக் கூறினேன்: "ஸ்பிரிங் கடினமாகிவிட்டது. ஸ்லைடு போதிய தூரம் பின்னே போகவில்லை. ஒரு சுற்றை வெட்டிவிட்டால் சரியாகும்." குறடும் கையுமாக நின்ற என்னை எங்கள் உஸ்தாத் தடுத்தார். அவர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெட்டிய ஸ்பிரிங்கை ஒட்ட முடியுமா என்று அவர் கேட்டார். என்னிடம் விடையில்லை. வெட்டியிருந்தால் ஸ்லைடு உடற்சட்டத்தில் ஓங்கி மோதியிருக்கும். நாளடைவில் விரிசல் கண்டிருக்கும். முன்னே திரும்பவும் வலுவின்றி, அடுத்த தோட்டா ஏறாமல் நின்றிருக்கும்.

நோயின் மூலத்தை ஆராய்ந்த பிறகே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறைதான் அவருடைய முறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதன் பயனைக் குறித்து வைக்க வேண்டும் என்றார். எதைத் தொடும் முன்னும் மாகஸினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, குழலறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் சோதிக்கச் செய்தார். நாளுக்குப் பத்து முறை செய்தாலும் பத்து முறையும் அப்படியே.

முதற் சோதனை கைக்கு. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடோடு துப்பாக்கி முழுதும் பின்னே போகும். ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது. என்மேல்தான் ஐயம். ஆனால் நால்வர் சுட்டபோதும், உஸ்தாத் சுட்டபோதும் கூடு சிக்கியது. நான் விடுதலை பெற்றேன்.

இரண்டாவது தோட்டா. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் அளவு. சாதாரண வகை வினாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டரும், மிகுவேக வகை 380 மீட்டர் அளவும் செல்லும். வலுக்குறைந்த தோட்டா ஸ்லைடை முழுதும் தள்ளாது. அதற்காகப் பழைய துப்பாக்கியில் மிகுவேகத் தோட்டா இடுவதும் தவறு. செய்தவர் எவ்வகைக்குச் செய்தாரோ அதுவே நன்று. வேறு பெட்டியிலிருந்து அதே வகைத் தோட்டாக்களை எடுத்துச் சுட்டோம். கோளாறு மாறவில்லை.

மூன்றாவது அழுக்கு. இத்தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பர். அது புகைக்கரியோடு சேர்ந்து களிம்பாகப் படியும். பழைய பல் தூரிகையால் குழலறையையும் ஸ்லைடு ஓடும் தடத்தையும் துடைத்து, துளி எண்ணெய் இட்டோம். பத்துக்கு இரண்டு, பத்துக்கு ஒன்றாயிற்று. பிணி குறைந்தது, தீரவில்லை.

நான்காவது சோதனைதான் எனக்குப் பாடம் புகட்டியது. உஸ்தாத் குழலறையில் ஒரே ஒரு தோட்டாவை இட்டு, மாகஸின் இல்லாமலே சுட்டார். இவ்வாறு ஐந்து முறை. மூன்று கூடுகள் வெளியே பாய்ந்தன. இரண்டு, மாகஸின் இருக்க வேண்டிய பள்ளத்தின் வழியே கீழே விழுந்தன. காரணம் யாது? வாயுவின் அழுத்தமே கூட்டைக் குழலறையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. ஆனால் கொக்கி இறுகப் பற்றாததால், முட்டை அடையுமுன் அது நழுவிவிடுகிறது. மாகஸின் இருக்கும்போது மேலுள்ள தோட்டா வெற்றுக் கூட்டைக் கீழிருந்து தாங்குவதால் இக்குறை பாதி மறைந்து கிடந்தது.

கொக்கியைக் கழற்றினோம். அது அமரும் பள்ளத்தில் களிம்பு கல்லாகியிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், கூராக இருக்க வேண்டிய முனை கூழாங்கல் போல மழுங்கியிருந்தது. நான் வெட்ட நினைத்த ஸ்பிரிங்கோ குற்றமற்றது! உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் புதுக் கொக்கி பொருத்தித் தந்தார். போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் அறுபது முறை சுட்டோம். அறுபது கூடுகளும் வலப்புறம் ஒரே குவியலாக விழுந்தன.

போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. இம்முறை துப்பாக்கியின்மேல் பழிபோட வழியில்லாததால், முழுப் பழியும் என் கைக்கே. ஆனால் ஒன்று கற்றேன். கூடு சிக்கிய இடம் திறப்பு. கோளாறு பிறந்த இடம் கொக்கி. பிழை தெரியும் இடமும் பிறக்கும் இடமும் ஒன்றென்று எண்ணிக் குறடு எடுத்தவன் நான். ஆய்வகத்தில் மின்கருவியோ, அறையில் மிதிவண்டியோ உங்களிடம் அடம் பிடிக்கும்போது, நண்பர்களே, குறடு எடுக்குமுன் அந்தக் கொக்கியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.