காரைக்கால் மழை பாரிஸில் கேட்கும், தெரியுமா?

நாலைந்து நண்பர்கள். ஒருவர் காரைக்காலில், ஒருவர் பாரிஸில், மற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில். கணினித் திரையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சேர்ந்தே ஒரு கதையை ஆடுகிறார்கள். கதை நடத்துபவர் “நள்ளிரவு, அடைமழை” என்கிறார். அவ்வளவுதான், எல்லார் காதிலும் மழை கொட்டுகிறது!

தெரியுமா? இந்த ஆட்டத்தின் தாத்தா ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்த கூட்டம், 2012-இல் வந்த ரோல்20 போன்ற தளங்களால் கடல் கடந்து ஆடத் தொடங்கியது.

தெரியுமா? அந்த மழை பேச்சோடு பேச்சாக வருவதே இல்லை! ரோல்20-இன் ஜூக்பாக்ஸில் கதை நடத்துபவர் பொத்தானை அமுக்கினால், ‘இதைப் பாடு’ என்ற உத்தரவு மட்டும்தான் போகும். ஒலியை அவரவர் கணினியே இறக்கிக்கொண்டு பாடும். பேச்சு விட்டுவிட்டு வந்தாலும் மழை தெளிவாகப் பெய்வது அதனால்தான்.

தெரியுமா? இதே ஆட்டத்துக்கான ‘ஃபவுண்ட்ரி’ என்ற மென்பொருளில் வரைபடத்தின் மேலேயே ஒலியை நட்டுவைக்கலாம். அருவிப் பக்கம் உங்கள் பாத்திரம் நகர நகர இரைச்சல் கூடும். நடுவே சுவர் வந்தால்? கப்சிப்!

தெரியுமா? மழைக்கு எதிரியும் உண்டு. ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் 2020-இல் வந்த இரைச்சல் தடுப்பு வசதி, மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வடிகட்டும். மைக் பக்கத்தில் போனை வைத்து இடியோசை போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் காது அடைக்கும். நண்பருக்கோ ஒன்றுமே கேட்காது!

தெரியுமா? இந்த வித்தைக்கெல்லாம் முன்னோடி வானொலி நாடகம். இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டினால் குதிரை ஓடும். செலோபேன் தாளைக் கசக்கினால் தீ படபடக்கும். காய்ந்த பட்டாணியைச் சல்லடையில் உருட்டினால் அலை வரும். தென்னை மண்டிய டெல்டாவில் 100.3-இல் காரைக்கால் பண்பலை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொட்டாங்குச்சிக்கா பஞ்சம்?

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று தெரியுமா? மைக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை; சொல்லாலேயே இதைச் செய்து காட்டியவர் காரைக்கால் அம்மையார்! சுமார் 6-ஆம் நூற்றாண்டு. அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் சுடுகாடே ஒலிக்கிறது. பேய்கள், கூகை, நரி. கூடவே மத்தளம், குடமுழா, தமருகம், துந்துபி என வாத்தியங்களின் பெரிய பட்டியல். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காதவரையும் உள்ளே இழுத்துவிடுகிறது.

சரி, ஒலிகளுக்கு எங்கே போவது? 2018-இல் பிபிசி தன் கிடங்கிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனால் லண்டன் மழையை நம்பி ஏன் இருக்க வேண்டும்? அரசலாறு கடலில் கலக்கும் இடத்து அலை, ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாங்கனி இறைக்கும்போது எழும் ஆரவாரம் எல்லாம் நம்மூர்ச் சொத்து. போனில் பதிவு செய்யுங்கள், அடுத்த ஆட்டத்தில் மைக் பக்கத்தில் ஓடவிடுங்கள். அதற்கு முன் இரைச்சல் தடுப்பை அணைக்க மறந்துவிடாதீர்கள்!